பப் வினாடி வினா லீக்கில் ஒரு வாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் சிறுநகரங்களிலும் பெருநகரங்களின் புறநகர்களிலும் செப்டம்பர் அல்லது அக்டோபர் மாதத்தில் தொடங்கி ஏப்ரல், மே வரை வினாடி வினா லீக்குகள் நடைபெறுகின்றன. வேலைக்காகவோ படிப்புக்காகவோ அங்கே குடியேறிய தமிழர்களிடம், "எங்கள் அணியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, வருகிறீர்களா?" என்று அலுவலக நண்பரோ பக்கத்து வீட்டுக்காரரோ ஒரு நாள் கேட்கக்கூடும். அப்போது எழும் ஐயங்களுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. விதிகள் ஊருக்கு ஊர் மாறுபடும் என்பதால், பரவலாக வழக்கத்தில் உள்ள முறையே இங்கு விளக்கப்படுகிறது.

பப்பில் நடக்கும் சாதாரண வினாடி வினாவுக்கும் லீக்குக்கும் என்ன வேறுபாடு?

சாதாரண வினாடி வினா என்பது ஒரு பப் தன் வாடிக்கையாளர்களுக்காக நடத்தும் இரவு நேர நிகழ்ச்சி. யார் வேண்டுமானாலும் வந்து, தலைக்கு ஒன்றோ இரண்டோ பவுண்டு கொடுத்து, மேசைக்கு ஓர் அணியாக அமர்ந்து, விடைகளைத் தாளில் எழுதிக் கொடுக்கலாம். பத்து பதினைந்து அணிகள் ஒரே கேள்விகளுக்கு ஒரே நேரத்தில் விடை எழுதும். ஒலிபெருக்கியில் கேள்வி, இடையில் பாட்டு, படங்களை அடையாளம் காணும் சுற்று என்று அது ஒரு கேளிக்கை.

லீக் அப்படியல்ல. அது கால்பந்து லீக்கைப் போன்ற அமைப்புடையது. ஒவ்வொரு அணிக்கும் சொந்தமாக ஒரு பப் உண்டு. ஆட்டப் பருவத்தின் தொடக்கத்திலேயே அட்டவணை வெளியாகிவிடும். ஒரு வாரம் சொந்தக் களத்திலும் மறுவாரம் எதிரணியின் களத்திலும் ஆட வேண்டும். ஓர் ஆட்டத்தில் இரண்டே அணிகள்தான் மோதும். கேள்விகள் வாய்மொழியாகக் கேட்கப்படும், விடையும் வாய்மொழியாகவே சொல்லப்படும். புள்ளிப் பட்டியல், டிவிஷன்கள் எனும் தரப் பிரிவுகள், அவற்றுக்கிடையே மேலேற்றம், கீழிறக்கம், கோப்பைப் போட்டி எல்லாம் உண்டு. பரிசு பெரும்பாலும் ஒரு கேடயம்தான்.

இது எப்போது தொடங்கியது?

லிவர்பூலை உள்ளடக்கிய மெர்சிசைடு பகுதியில் 1959ஆம் ஆண்டிலேயே லீக் முறையில் ஆட்டங்கள் தொடங்கிவிட்டன. தொலைக்காட்சியில் பல்கலைக்கழக அணிகள் மோதும் 'யூனிவர்சிட்டி சேலஞ்ச்' 1962இலும், கறுப்பு நாற்காலியில் தனி ஒருவரை அமரவைத்துக் கேள்வி கேட்கும் 'மாஸ்டர்மைண்ட்' 1972இலும் வந்த பிறகு, பொது அறிவை மேடையேற்றுவதில் நாட்டுக்கே ஒரு சுவை பிறந்தது. 1976இல் ஷரோன் பர்ன்ஸ், டாம் போர்ட்டர் என்ற இருவர் தென் இங்கிலாந்தில், கூட்டம் குறைந்த இரவுகளில் ஆட்களை வரவழைக்கும் வழியாகப் பப் உரிமையாளர்களிடம் வினாடி வினாவை விற்கத் தொடங்கினர். லண்டன் நகருக்கென்று ஒரு லீக் 1990இல்தான் அமைந்தது. இந்த விஷயத்தில் தலைநகரம் வடக்கைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்று வடக்கத்தியர்கள் சொல்லிக்கொள்வதில் உண்மை இல்லாமல் இல்லை.

ஒரு வாரம் எப்படி நகர்கிறது?

ஆட்டம் நடக்கும் நாள் வார நடுவில் ஏதேனும் ஒரு நாளாக இருக்கும்; பெரும்பாலான இடங்களில் அது திங்கள், செவ்வாய் அல்லது புதன். வெள்ளியும் சனியும் பப்புகளுக்கு வியாபார நாட்கள் என்பதால், அமைதியாக உட்கார்ந்து கேள்வி கேட்க இடம் தரமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முந்தைய வார இறுதியிலேயே கேப்டன் நான்கு பேரை உறுதி செய்துகொள்ள வேண்டும். அணிப் பட்டியலில் ஆறேழு பேர் இருப்பார்கள். ஒருவருக்கு இரவு நேரப் பணி இருக்கும், இன்னொருவருக்குப் பிள்ளையின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் இருக்கும். கேப்டன் பதவி என்பது முக்கால் பங்கு தொலைபேசி வேலை.

சொந்தக் களத்தில் ஆட்டம் என்றால் பப்பின் பின்னறையையோ ஒரு மூலை மேசையையோ முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அதே நாளில் சாம்பியன்ஸ் லீக் கால்பந்து ஆட்டம் ஒளிபரப்பாகுமா என்று பார்க்கத் தவறினால், பெரிய திரைக்கு முன் கூச்சலிடும் கூட்டத்துக்கு நடுவில் கேள்வியைக் கத்திப் படிக்க நேரும்.

செவ்வாய் மாலை எட்டு, எட்டரைக்கு ஆட்டம் தொடங்கி, பத்தரைக்குள் முடியும். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் எப்போதும் ஓரிருவர் இருப்பார்கள். அன்று இரவே வென்ற அணியின் கேப்டன் முடிவை லீக் செயலாளருக்கு அனுப்புவார். புதன்கிழமை புள்ளிப் பட்டியல் வெளியாகும். புதனும் வியாழனும், விடை தெரிந்தும் வாயில் வராமல் போன அந்த ஒரு கேள்வியைப் பற்றிய புலம்பலில் கழியும். பிறகு அடுத்த ஆட்டத்துக்கு ஆள் தேடும் வேலை. அணியின் முறை நெருங்கிக்கொண்டிருந்தால், இவை அனைத்துக்கும் மேலாக வினாத்தாள் தயாரிக்கும் வேலையும் அந்த வாரத்தில் சேர்ந்துகொள்ளும்.

ஓர் ஆட்டம் எப்படி நடக்கும்? புள்ளிகள் எப்படிக் கணக்கிடப்படுகின்றன?

அணிக்கு நால்வர், நேரெதிராக அமர்வார்கள். ஒன்று முதல் நான்கு வரை இருக்கை எண்கள் உண்டு. யார் எந்த இருக்கையில் அமர்வது என்பதைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும். நாணயம் சுண்டி, எந்த அணி முதலில் விடை சொல்வது என்று முடிவு செய்வார்கள். எட்டுச் சுற்றுகள், ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு கேள்வி. ஆக மொத்தம் 64 கேள்விகள்.

கேள்வி ஒருவரை நோக்கிக் கேட்கப்பட்டால், அவர் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. தானே விடை சொல்லிச் சரியாக இருந்தால் இரண்டு புள்ளிகள். ஐயம் இருந்தால் அணியினருடன் கலந்து பேசலாம்; அப்படிச் சொல்லும் சரியான விடைக்கு ஒரு புள்ளிதான். தானே சொல்லித் தவறினாலோ, கலந்து பேசியும் தவறினாலோ, கேள்வி எதிரணிக்குப் போகும். அவர்கள் சரியாகச் சொன்னால் போனஸாக ஒரு புள்ளி பெறுவார்கள்.

கேட்பதற்கு எளிய கணக்காகத் தோன்றும் இந்த விதிதான் ஆட்டத்தின் உயிர். கேள்விக்குரியவர் "கலந்து பேசுகிறேன்" என்று அறிவிக்கும் வரை மற்ற மூவரும் எந்தச் சாடையும் காட்டக் கூடாது. பிரிட்டிஷ் பிரதமர்களில் கொலை செய்யப்பட்ட ஒரே ஒருவர் யார் என்ற கேள்வி இரண்டாம் இருக்கைக்கு வருகிறது என்று கொள்வோம். 1812இல் நாடாளுமன்றத்தின் முன்கூடத்திலேயே சுடப்பட்ட ஸ்பென்சர் பெர்சிவல் என்பது மூன்றாம் இருக்கைக்காரருக்கு நன்றாகத் தெரியும். அவர் என்ன செய்ய வேண்டும்? கோப்பைக்கு அடியில் வைத்திருக்கும் அட்டையில் அச்சிட்ட விளம்பரத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பவர்போல் தலை குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தாலே "எனக்குத் தெரியும், என்னைக் கேள்" என்று சொன்னதாகிவிடும். இரண்டாம் இருக்கைக்காரரோ, பெர்சிவல் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்ட பெயரை நம்பி இரண்டு புள்ளிக்குத் துணிவதா, ஒரு புள்ளியே போதும் என்று திரும்புவதா என்று தவித்துக்கொண்டிருப்பார். கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஒரு பருவத்தில் அணிகளைப் பிரித்துக் காட்டுவது அறிவின் அளவைவிட இந்தத் துணிவின் அளவுதான் என்பது என் கருத்து. எல்லாம் தெரிந்தும் எப்போதும் கலந்து பேசும் அணிகள் பட்டியலின் நடுவிலேயே நின்றுவிடுகின்றன.

கேள்விகளை யார் தயாரிக்கிறார்கள்?

புதியவர்கள் கடைசியாகக் கேட்கும் கேள்வி இது. முதலில் கேட்டிருக்க வேண்டியதும் இதுவே. லீக்கின் தரம், ஏன், அதன் நிம்மதிகூட, வினாத்தாளைச் சார்ந்திருக்கிறது.

சில லீக்குகள் வினாத்தாளை விலைக்கு வாங்குகின்றன. பழமையான லீக்குகள் பலவற்றில் அணிகளே முறை வைத்துத் தயாரிக்கின்றன. ஓர் அணியின் முறை வரும் வாரத்தில் அந்த அணிக்கு ஆட்டம் கிடையாது. அது தயாரித்த தாளை வைத்து அன்று இரவு லீக்கின் ஆட்டங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் நடக்கும். தாள்கள் உறையிலிட்டு ஒட்டப்பட்டு ஒவ்வொரு பப்புக்கும் போய்ச் சேரும். ஆட்டம் தொடங்கும்போது, கேள்விகளைப் படிக்கும் க்விஸ் மாஸ்டர் அதை இரு அணிகளின் முன்னிலையில் பிரிப்பார். இப்போது பல இடங்களில் மின்னஞ்சலில் கடவுச்சொல்லுடன் அனுப்பும் வழக்கமும் வந்துவிட்டது. ஒரே இரவில் பத்து இடங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே தாளோடு மல்லுக்கட்டுவதால், அதில் உள்ள ஒரு பிழை பத்து இடங்களில் பத்துச் சண்டைகளாக மாறும்.

64 கேள்விகளோடு ஏழெட்டு உதிரிக் கேள்விகளும் வேண்டும். க்விஸ் மாஸ்டர் தவறிப்போய் விடையைச் சேர்த்துப் படித்துவிட்டாலோ, பக்கத்து மேசையில் குடித்துக்கொண்டிருப்பவர் ஆர்வக் கோளாறில் விடையை உரக்கச் சொல்லிவிட்டாலோ, அந்தக் கேள்வியைக் கைவிட்டு உதிரியை எடுக்க வேண்டும். இரண்டாவது நாம் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது.

தயாரித்த தாளை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பது பெரும்பாலான லீக்குகளின் விதி. அவர் ஒவ்வொரு விடையையும் தனியாகத் தேடி உறுதி செய்வார். ஒரே ஒரு நூலையோ ஒரே ஓர் இணையப் பக்கத்தையோ நம்பக் கூடாது என்பதற்கு அமெரிக்காவில் நடந்த வழக்கு ஒன்று சான்று. ஃப்ரெட் வொர்த் என்பவர் 1970களில் துணுக்குத் தகவல் களஞ்சியம் ஒன்றை வெளியிட்டார். தம் உழைப்பைத் திருடுபவர்களைப் பிடிப்பதற்காக, தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் பிலிப் என்று ஒரு பொய்யை அதில் வேண்டுமென்றே நுழைத்து வைத்தார். கனடாவில் 1979இல் உருவான 'ட்ரிவியல் பர்சூட்' பலகை விளையாட்டின் அட்டையில் அதே பொய் உண்மையாக அச்சாகி வந்தது. 30 கோடி டாலர் இழப்பீடு கேட்டு 1984இல் அவர் வழக்குத் தொடர்ந்தார். தகவல்கள் யாருக்கும் சொந்தமல்ல என்பதால் வழக்கில் தோற்றார். அந்தப் பொய்யோ பல ஆண்டுகள் பப்புகளில் உலவிக்கொண்டிருந்தது.

நல்ல கேள்வி எது, மோசமான கேள்வி எது?

நல்ல கேள்விக்கு ஒரே ஒரு விடைதான் இருக்க முடியும். அந்த விடை அடுத்த மாதமும் சரியாக இருக்க வேண்டும். "இலங்கையின் தலைநகர் எது?" என்று கேட்டுவிட்டு, தாளில் கொழும்பு என்று விடை எழுதி வைக்கும் தயாரிப்பாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை என்று தெரிந்து சொல்பவருக்குப் புள்ளி மறுக்கப்பட்டால் அதைவிடக் கொடுமை இல்லை. "இலங்கை நாடாளுமன்றம் எந்த நகரில் அமைந்துள்ளது?" என்று கேட்டிருந்தால் சிக்கலே எழாது. பொலிவியாவுக்கு லா பாஸா சூக்ரேயா, நெதர்லாந்துக்கு ஆம்ஸ்டர்டாமா ஹேக்கா என்று இந்த வகையில் இன்னும் சில கண்ணிகள் உண்டு.

காலத்தால் கெட்டுப்போகும் கேள்விகள் இன்னொரு வகை. கஜகஸ்தானின் தலைநகர் 2019இல் அஸ்தானா என்ற பெயரிலிருந்து நூர்-சுல்தான் ஆகி, 2022இல் மீண்டும் அஸ்தானா ஆனது. இடைப்பட்ட மூன்றாண்டுகளில் எழுதிய தாளை எடுத்து இன்று படித்தால் ஏமாற்றம்தான். சனிக்கோளின் நிலவுகள் எத்தனை என்று கேட்கவே கூடாது. 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 நிலவுகள் சேர்ந்து எண்ணிக்கை 274 ஆனது. அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இத்தகைய கேள்வி தவிர்க்க முடியாததென்றால், எந்த நாளைய நிலவரம் என்பதைக் கேள்வியிலேயே குறிப்பிட வேண்டும்.

"சரியாக எத்தனை?" என்று எண்ணிக்கை கேட்பதும் சோம்பேறித்தனம். எவருக்கும் தெரியாத ஒன்றைக் கேட்டு இரு அணிகளையும் வாயடைக்கச் செய்வதில் சில தயாரிப்பாளர்கள் பெருமை கொள்கிறார்கள். அது தாளின் தோல்வியே தவிர ஆட்டக்காரர்களின் தோல்வி அல்ல. விடை தெரியாதவரும், அது சொல்லப்பட்டதும் "அடடா, இதுவா!" என்று நெற்றியில் தட்டிக்கொள்ள வேண்டும்.

இரு அணிகளுக்கும் வெவ்வேறு கேள்விகள் கேட்கப்படுவது நியாயமா?

நியாயமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் கேள்விகள் இணை இணையாக அமைக்கப்படுகின்றன. முதல் அணிக்கு ஒன்று, இரண்டாம் அணிக்கு அதே துறையில், அதே கடினத்தில் ஒன்று. சொல்வது எளிது, செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் சிரமம் தெரியும்.

மேலே சொன்ன பெர்சிவல் கேள்விக்கு இணையாக, "பதவியில் இருக்கும்போது கொலை செய்யப்பட்ட நான்கு அமெரிக்க அதிபர்களில் மூன்றாமவர் யார்?" என்று எழுதினால் பார்வைக்குச் சமமாகத்தான் தோன்றும். லிங்கன், கார்ஃபீல்டு, மெக்கின்லி, கென்னடி என்று மனத்துக்குள் வரிசைப்படுத்தி, 1901இல் சுடப்பட்ட மெக்கின்லியைப் பிடிக்க வேண்டும். ஆனால் பெர்சிவல், இங்கிலாந்தின் பப்புகளில் நூறு முறை கேட்கப்பட்டுப் புளித்துப்போன விடை. ஆகவே இரண்டாம் அணிக்கு அநியாயம் நடந்துவிட்டது.

இன்னொரு சிக்கல் நுட்பமானது. டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட் எடுத்தவர் யார் என்று முதல் அணிக்கும், 708 விக்கெட் எடுத்தவர் யார் என்று இரண்டாம் அணிக்கும் கேட்டால், தனித்தனியே இரண்டும் சமம்தான். ஆனால் முதல் கேள்விக்கு முரளிதரன் என்ற விடை வந்தவுடன், இரண்டாம் கேள்வியில் ஐயப்பட வேண்டிய பெயர்களில் ஒன்று கழிந்துவிடுகிறது. ஷேன் வார்ன் என்று சொல்வது எளிதாகிவிடுகிறது. முதல் கேள்வியின் விடை இரண்டாவதற்குத் துப்பாக அமையாதபடி பார்த்துக்கொள்வதே தயாரிப்பாளரின் உண்மையான திறமை. பல லீக்குகளில் பாதி ஆட்டத்துக்குப் பிறகு முதலில் விடை சொல்லும் அணியை மாற்றுவதற்கும் இதுதான் காரணம்.

விடை பற்றித் தகராறு வந்தால் யார் தீர்ப்பளிப்பார்?

அந்த இரவில் க்விஸ் மாஸ்டரின் சொல்லே இறுதி. தாளில் உள்ள விடை தவறு என்று அனைவருக்கும் தெரிந்தாலும்கூட, தாளில் உள்ளதையே ஏற்பது என்ற விதி சில இடங்களில் இருக்கிறது. வேறு சில இடங்களில் இரு கேப்டன்களும் ஒப்புக்கொண்டால் மாற்றலாம். முடிவையே மாற்றக்கூடிய பிழை என்றால் செயலாளருக்கு எழுதலாம். அப்படி எழுதுபவர்கள் மிகக் குறைவு. ஒரு புள்ளிக்காகக் கடிதம் எழுதிய அணி என்ற பெயர் ஊரில் நெடுநாள் நிற்கும்.

க்விஸ் மாஸ்டர் சம்பளம் வாங்குபவர் அல்லர். சொந்தக் கள அணி ஏற்பாடு செய்யும் நண்பராகவோ வேறொரு அணியைச் சேர்ந்தவராகவோ இருப்பார். தெளிவான குரலும், பிரெஞ்சு ஓவியர்களின் பெயரைக் கண்டு மிரளாத நாக்கும் அவருக்கு வேண்டும்.

எந்தத் துறைகளைப் படித்துத் தயாராக வேண்டும்?

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ படித்து வளர்ந்தவர்களுக்குப் புவியியல், அறிவியல், உலக வரலாறு, கிரிக்கெட் ஆகியவற்றில் அச்சமே வேண்டாம். தலைநகரங்கள், தனிம அட்டவணை, நாணயங்கள் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவை அப்படியே கை கொடுக்கும். முழி பிதுங்குவது வேறிடத்தில். 1970களின் பாப் பாடல்கள், கிறிஸ்துமஸ் வாரத்தில் விற்பனையில் முதலிடம் பிடித்த இசைத்தட்டுகள், 1960 டிசம்பரில் தொடங்கி இன்னும் முடியாத 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடரின் பாத்திரங்கள், கால்பந்துக் கழகங்களின் செல்லப்பெயர்கள், குழந்தைகளுக்கான பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் ஆகியவற்றை அந்த நாட்டில் பிறந்தவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வளரும்போதே காதில் விழுந்தவை. நாம் அவற்றை உட்கார்ந்து படித்தாலும் ஒட்டாது.

ஆகவே, நம்மிடம் இல்லாததைத் துரத்துவதைவிட அணியில் இல்லாததை நிரப்புவதே பயனுள்ள வழி. நால்வரில் மூவர் கால்பந்திலும் பாப் இசையிலும் புலிகளாக இருந்தால், நான்காமவர் வேதியியலும் ஆசிய வரலாறும் தெரிந்தவராக இருப்பதில்தான் அணிக்கு இலாபம். தெரிந்தே ஆக வேண்டிய உள்ளூர்ச் சரக்கு கொஞ்சம் உண்டு. எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியர் வரிசையாக, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரதமர்கள், மாவட்டங்களும் அவற்றின் தலைநகர்களும், ஜேம்ஸ் பாண்டாக நடித்தவர்கள். இவற்றை இரண்டு வார இறுதிகளில் முடித்துவிடலாம்.

இந்திய வினாடி வினாக்களில் பங்கேற்ற அனுபவம் உதவுமா?

உதவும், சற்று இடைஞ்சலும் செய்யும். 1967இல் கொல்கத்தாவில் நீல் ஓ'பிரையன் நடத்திய போட்டியிலிருந்து வளர்ந்த இந்திய மரபில், தெரியாத விடையையும் கேள்வியில் உள்ள துப்புகளைக் கோத்துக் கண்டுபிடிக்க முடியும் என்பதே பெருமை. கேள்வி அரைப் பக்கத்துக்கு நீளும், படம் வரும், ஓர் அணி விட்டது அடுத்தடுத்த அணிகளுக்குச் சுற்றிக்கொண்டே போகும். இங்கிலாந்தின் லீக் கேள்வி ஒரே வரி. தெரியும் அல்லது தெரியாது. யோசிக்க அரை நிமிடம்தான். சென்னையிலும் பெங்களூரிலும் மேடை ஏறியவர்கள் முதல் சில வாரங்களில் கேள்வி முடிந்ததே தெரியாமல் அடுத்த துப்புக்காகக் காத்திருப்பதுண்டு.

மது அருந்தாதவர்கள் சேரலாமா? சைவ உணவு கிடைக்குமா?

தாராளமாகச் சேரலாம். காரை ஓட்டிவந்தவர், மருந்து உட்கொள்பவர், மதப் பற்றுடையவர் என்று ஒவ்வோர் அணியிலும் எலுமிச்சைச் சோடாவோ காப்பியோ குடிப்பவர் ஒருவர் இருப்பார். ஆல்கஹால் நீக்கிய பியரும் இப்போது பெரும்பாலான பப்புகளில் கிடைக்கிறது. யாரும் வற்புறுத்துவதில்லை. ஆனால் ஏதாவது ஒன்றை விலை கொடுத்து வாங்குவது மரியாதை. இடத்துக்கு வாடகை வாங்காமல் பின்னறையைத் தரும் பப்புக்கு அதுதான் வருமானம். ஒருவர் மேசைக்கே வாங்கித் தந்தால், அடுத்த முறை நாம் வாங்க வேண்டும் என்ற வழக்கத்தையும் அறிந்துகொள்வது நல்லது. 2007 ஜூலை 1 முதல் இங்கிலாந்தின் பப்புகளுக்குள் புகைபிடிக்கத் தடை இருப்பதால் அந்தத் தொல்லையும் இல்லை.

உணவைப் பொறுத்தவரை, ஆட்டம் முடிந்ததும் சொந்தக் களப் பப் ஒரு தட்டு சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு வறுவலும் வைப்பது வடக்கில் பரவலான வழக்கம். சில இடங்களில் இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' என்ற பண்டமும் பட்டாணி மசியலும் வரும். சைவர்களுக்குச் சீஸ் சாண்ட்விச் உறுதி. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். முட்டையும் வேண்டாம் என்றால் முன்கூட்டியே கேப்டனிடம் சொல்லிவிட வேண்டும்.

எவ்வளவு செலவாகும்?

பெரிதாக ஒன்றும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை அணிக்கான சிறு தொகை, எதிரணிக் களங்களுக்குப் போய்வரும் செலவு, குடிக்கும் பானம்.

கைபேசியில் பார்த்து ஏமாற்ற மாட்டார்களா?

எழுத்து முறையில் நடக்கும் சாதாரணப் பப் வினாடி வினாக்களில் இது தீராத தலைவலி. கழிப்பறைக்குப் போய்வருபவர் திடீரென்று ஞானம் பெற்றுத் திரும்புவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். லீக்கில் அதற்கு வாய்ப்புக் குறைவு. எதிரணி இரண்டடி தூரத்தில் முகத்துக்கு நேரே அமர்ந்திருக்கிறது. விடை சொல்ல அரை நிமிடமே இருக்கிறது. கைபேசிகள் பைக்குள் இருக்க வேண்டும் என்பது எழுதப்பட்ட விதி. பாதி ஆட்டத்தில் இடைவேளை விடும்போதுதான் எல்லோரும் கைபேசியை எடுத்து, முதல் பாதியில் சர்ச்சைக்குள்ளான விடைகளைச் சரிபார்க்கிறார்கள்.

எப்படிப்பட்டவர்கள் ஆடுகிறார்கள்? பட்டதாரிகள் மட்டும்தானா?

இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் நூலகர்களும் நிறைய இருப்பார்கள் என்பது உண்மை. ஆனால் அஞ்சல்காரர், குழாய் பழுதுபார்ப்பவர், பேருந்து ஓட்டுநர், செவிலியர் என எல்லாத் தொழிலினரும் உண்டு. 'மாஸ்டர்மைண்ட்' பட்டத்தை 1980இல் வென்ற ஃப்ரெட் ஹவுஸ்கோ லண்டனில் டாக்சி ஓட்டியவர். 1983இல் வென்ற கிறிஸ்டோபர் ஹியூஸ் லண்டன் சுரங்க ரயிலின் ஓட்டுநர். படித்த பட்டத்துக்கும் பொது அறிவுக்கும் பெரிய தொடர்பில்லை என்பதை அந்த நாடு அப்போதே தொலைக்காட்சியில் பார்த்துவிட்டது.

மறைக்காமல் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. பல லீக்குகளில் இன்னும் ஐம்பதைக் கடந்த ஆண்களே பெரும்பான்மை. இளைஞர்களும் பெண்களும் குறைவாக இருப்பதற்குக் கேள்விகளும் ஒரு காரணம். தயாரிப்பவர்கள் தங்கள் இளமைக்காலப் பாடல்களையும் கால்பந்து வீரர்களையுமே கேட்டுக்கொண்டிருந்தால், வேறு தலைமுறையினர் எதற்காக வர வேண்டும்? புதியவர்கள் தாள் தயாரிக்கும் முறையில் பங்கேற்கத் தொடங்கிய இடங்களில்தான் இது மாறி வருகிறது.

சிறுவர்களை அழைத்துச் செல்லலாமா?

பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் மது வாங்க முடியாது; மாலைக்குப் பிறகு அவர்களை உள்ளே விடுவதா என்பது அந்தந்தப் பப்பின் முடிவு. முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நான்கு பேர் சேரவில்லை என்றால் ஆட்டம் என்னவாகும்?

மூவரோடு ஆடலாம். காலி இருக்கைக்கு வரும் கேள்வியை மற்ற மூவரும் கலந்து பேசி ஒரு புள்ளிக்கு மட்டும் சொல்லலாம் என்பது பல இடங்களின் ஏற்பாடு. சில சமயம் எதிரணியே தன் பக்கத்தில் கூடுதலாக வந்த ஆளை இரவல் தரும். அந்த ஆள் தன் சொந்த அணிக்கு எதிராக முழு மனத்தோடு ஆடுவதைப் பார்ப்பது சுவாரசியமானது.

பப்பே மூடப்பட்டுவிட்டால்?

அணி வேறு பப்புக்குக் குடிபெயரும். பெரும்பாலும் பழைய பெயரையே வைத்துக்கொள்ளும். இடிக்கப்பட்டு அடுக்குமாடி வீடுகளாகிவிட்ட பப்புகளின் பெயரில் ஆடும் அணிகள் சில பட்டியல்களில் இன்னும் இருக்கின்றன. 2020 மார்ச் 20 அன்று அரசின் ஆணைப்படி எல்லாப் பப்புகளும் ஒரே இரவில் மூடப்பட்டபோது லீக்குகள் பருவத்தைப் பாதியில் நிறுத்தின. பிறகு பல லீக்குகள் காணொளி வழியாக ஆடத் தொடங்கின. அதே காலத்தில் லங்காஷயரில் வசித்த ஜே ஃபிளின், நண்பர்களுக்காக ஃபேஸ்புக்கில் அறிவித்த வினாடி வினா தவறுதலாகப் பொது அறிவிப்பாகிவிட, இலட்சக்கணக்கான வீடுகள் அதில் சேர்ந்தன. ஆனால் பப்புகள் திறந்ததும் பெரும்பாலான லீக்குகள் மேசைக்கே திரும்பிவிட்டன. காணொளியில் விரைவாக இரகசியம் பேச முடிவதில்லை. கலந்து பேசுவதற்கென்றே தனி அறை திறந்து மூடுவது எரிச்சலூட்டும் வேலை.

அணியில் சேர என்ன செய்ய வேண்டும்?

பருவம் தொடங்குவதற்கு முன், அதாவது ஆகஸ்ட் மாதத்தில், ஊரில் லீக் ஆட்டங்கள் நடக்கும் பப்பில் விசாரிப்பதே எளிய வழி. பருவ நடுவிலும் இடம் கிடைக்கும். மார்கழிக் குளிரில் அணிகளுக்கு ஆள் பஞ்சம் வருவது வழக்கம். முதலில் ஓர் ஆட்டத்தைப் பார்வையாளராக உட்கார்ந்து கேட்டுவிட்டு, புள்ளிகளைக் குறித்துத் தர முன்வாருங்கள். குறிப்பவருக்கு எப்போதும் தட்டுப்பாடு என்பதால் மறுக்க மாட்டார்கள். ஆட்டத்தின் போக்கும் யாருக்கு எதில் பலம் என்பதும் அந்த ஓர் இரவிலேயே பிடிபட்டுவிடும். புதிதாக ஓர் அணியைத் தொடங்க விரும்பினால், நால்வருக்குப் பதிலாக ஆறு பெயர்களோடும், உங்களுக்கு ஓர் அறையைத் தரச் சம்மதித்த ஒரு பப்பின் பெயரோடும் லீக் செயலாளரை அணுகுங்கள். கடைசி டிவிஷனில் இடம் தருவார்கள். வினாத்தாள் தயாரிக்கும் முறை எந்த வாரம் வருகிறது என்று அட்டவணையில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு மாதமாவது தேவைப்படும்.